பேக்கிங்காரர் அண்ணாந்து பார்த்த கூரைகள்

பூமி வழி தவறாமல் சூரியனைச் சுற்றி வருவதற்கு ஒரே காரணம், யாரோ ஒரு பொறுப்பான ஆள் அதை நன்றாக இழுத்துக் கட்டி, முனையில் கிளிப் அடித்து வைத்திருப்பதுதான் என்று மனதார நம்பியவர் எங்கள் பேக்கிங்காரர். அந்த ஆள் யார் என்று ஒருமுறை கேட்டேன். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. ஆனா வேலை தெரிஞ்ச ஆளு" என்றார்.

அவருக்கு ஆதார் அட்டையில் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எங்கள் சந்தில் யாருக்கும் அது தெரியாது. பூனாவுக்குப் பக்கத்தில் சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். கப்பலேறிப் போகிற சாமான்களை மரப்பெட்டியில் வைத்து, பெட்டியைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, அதை ஒரு கைக்கருவியால் முறுக்கி இறுக்கி, கிளிப் அடிப்பது அவர் வேலை. என் கணவர் சேகருக்கும் அதே தொழிற்சாலைதான். பேக்கிங்காரர் கட்டிய பெட்டி எதுவும் நடுக்கடலில் பிரிந்ததாகப் புகார் வந்ததே இல்லை என்று சேகர் சொல்வார். தமிழர்கள் நாங்கள் பேக்கிங்காரர் என்போம், மராத்திக்காரர்கள் 'பேகிங்வாலே காகா' என்பார்கள். நாகப்பட்டினம் பக்கத்து ஆள். ஒல்லியாக, நெடுநெடுவென்று, தலை மட்டும் எப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடி இருப்பார்.

எங்கள் சந்து பூனாவின் ஓரத்தில், நிக்டியைத் தாண்டி ஒரு குன்றுச் சரிவில் இருக்கிறது. ஆளுக்கு அரை குந்தா இடம், அதாவது ஐந்நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. இன்ஜினியர் கிடையாது, வரைபடம் கிடையாது. மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கிற வாக்குவாதம்தான் வரைபடம். செங்கல் சுவர், இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் தகர ஷீட். ஷீட்டை இங்கே 'பத்ரா' என்பார்கள். காற்றுக்கு பத்ரா பறக்காமலிருக்க மேலே பாரம் வைப்பது எங்கள் சந்தின் வழக்கம். கூரையைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். டயர் இருந்தால் டெம்போ ஓட்டியவர். தையல் மெஷினின் இரும்புக்கால் இருந்தால் அந்த வீட்டம்மா தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எங்கள் வீட்டுக் கூரையில் என் மாமியாரின் ஆட்டுக்கல் இருந்தது. மிக்சி வந்த பிறகு அதற்குப் பதவி உயர்வு கிடைத்து மேலே போய்விட்டது.

பேக்கிங்காரர் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். அண்ணாந்து பார்ப்பார். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஓரத்தில் எத்தனை, நடுவில் எத்தனை என்று உதடு முணுமுணுக்கும். எண்ணி முடிக்கிற வரைக்கும் 'வாங்க', 'உக்காருங்க', டீ எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை சந்தின் கடைசி வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். பேக்கிங்காரர் மாலையோடு போனார். மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். புகையில் கண் வேறு கலங்கியிருந்தது. பெரியவரின் மகன் நெகிழ்ந்துபோய், "அப்பா மேல போயிட்டாருண்ணே" என்றார். பேக்கிங்காரர் வருத்தத்தோடு தலையசைத்து, "மூலையில மூணு போல்ட்டு இல்ல தம்பி, கூரையும் போயிடும்" என்றார். அவர் மனைவி கலா அக்கா கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். காரியம் முடிந்த மறுநாள் பேக்கிங்காரரே ஏணியோடு போய் அந்த மூன்று போல்ட்டையும் போட்டுவிட்டு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலா அக்காவுக்குத் தனிக் குறைகள் உண்டு. "எங்க கல்யாணத்துல மூணு முடிச்சு போட்டுட்டு, பத்தாதுன்னு நாலாவது போடப் பாத்தாரு. ஐயருதான் கையப் புடிச்சாரு" என்பார். அவர்கள் வீட்டில் கட்டப்படாத பொருளே கிடையாது. தண்ணீர்த் தொட்டி சட்டத்தோடு, பீரோ சுவரோடு, துளசிச் செடித் தொட்டி படிக்கட்டோடு, ஸ்கூட்டர் எதிரே இருக்கும் வேப்பமரத்தோடு. ஒரே இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தால் தன்னையும் கட்டிவிடுவார் என்று பயந்து அக்கா எப்போதும் ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பார்.

இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று கேட்டால் பேக்கிங்காரரே சிரித்துக்கொண்டு சொல்வார். கல்யாணமான புதிதில் ஊரில் ஒரு புயலில் அவர் வீட்டுக் கூரை போய்விட்டது. மறுநாள் அதைத் தேடிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறார். அது இன்னொருவர் மாட்டுக்கொட்டகை மேல் உட்கார்ந்திருந்தது. "கேட்டேன், தரமாட்டேன்னுட்டான். ஏற்கெனவே கட்டிட்டானாம். கட்டுனவனுக்குத்தான் கூரைன்னு அன்னைக்குப் புரிஞ்சுட்டுது" என்பார். கலா அக்காவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு நீளத் தழும்பு உண்டு. அந்தக் கூரை போகிற போக்கில் போட்டது. அதை மட்டும் அவர் கதையில் சேர்ப்பதில்லை.

தொழிற்சாலையில் மீந்துபோகும் பட்டைத் துண்டுகள் பழைய இரும்புக்குப் போகும். அவர் ஸ்டோரில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, வாரம் ஒரு சுருள் ஸ்கூட்டரில் கொண்டுவருவார். கூரைச் சட்டத்தின் மேல் பட்டையைப் போட்டு, இரண்டு முனையையும் சுவரோடு சுவராக இறக்கி, அடியில் கான்கிரீட்டில் புதைத்த கொக்கியில் மாட்டி, பெட்டியைக் கட்டுகிற மாதிரியே முறுக்குவார். போல்ட்டுக்கு அடியில் போட ரப்பர் வேண்டுமென்றால் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கிப் போடுவார். துருப் பிடிக்காமலிருக்க யார் வீட்டிலாவது மீந்த பெயின்ட். அதனால் எங்கள் சந்து வீடுகளில் ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை ரோஸ் என்று இருக்கும். "கூரைய சுவத்தோட கட்டு, சுவத்த அஸ்திவாரத்தோட கட்டு. பொட்டிக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வீட்டுல ஆளு இருக்கு, அவ்வளவுதான்." இதுதான் அவருடைய வேதம்.

இதோடு விட்டிருந்தால் அவரை நல்ல மனிதர் என்று சொல்லி முடித்திருப்போம். அவரிடம் ஸ்டென்சிலும் இருந்தது.

ஏற்றுமதிப் பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் படங்கள் இருக்குமே, குடைப் படம் போட்டால் நனையக்கூடாது, கண்ணாடிக் கோப்பைப் படம் போட்டால் உள்ளே உடைகிற சாமான் இருக்கிறது, பத்திரம் என்று. அந்த அச்சுத் தகடுகளில் தேய்ந்துபோன இரண்டை வைத்திருந்தார். ஒழுகுகிற வீட்டின் சுவரில் ஒரு குடை. குழந்தையோ, வயசாளியோ, பிள்ளைத்தாய்ச்சியோ இருந்து, கூரையும் சரியாகக் கட்டப்படாத வீடு என்றால் ஒரு கோப்பை. கட்டி முடித்ததும் அவரே வந்து படத்தின் மேல் வெள்ளையடித்து விடுவார். அதுவரை எது போட்டுத் தேய்த்தாலும் போகாது. கடல் கடந்து போவதற்கென்றே தயாரித்த மை அது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மாமனார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் இருந்தவரை குடும்பம் குவார்ட்டர்ஸில்தான். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கூரைக்குக் கீழே ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவர் என் மாமியார். ஆரணிக்காரர். பூனாவுக்கு வந்து மராத்தி, இந்தி எல்லாம் கலந்துகொண்டாலும் கோபம் வந்தால் ஆரணி மட்டும்தான் வரும். அவர் கட்டிய முதல் சொந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாக வந்தேன்.

அந்த வீட்டில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பின்சுவரிலிருந்து தொடங்கி, வீட்டைத் தாண்டி, வாசலுக்கு முன்னால் நீண்டு நிற்கும் சாய்ப்பு வரைக்கும் ஒரே தகடு. நடுவில் ஒட்டே கிடையாது. நீளத் தகடாகத் தேடி அலைந்து, லாரியின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு வரும்படி ஏற்றிக் கொண்டுவந்தது. எங்கள் சந்தில் மற்ற எல்லோருடையதும் ஒட்டுப் போட்ட கூரைதான். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே மாமியார், "ஒரே பத்ரா, பாத்தியா, ஜாயின்ட்டே இல்ல" என்று காட்டிவிடுவார். சந்துப் பெண்கள் எல்லாரும் அந்தச் சாய்ப்பின் நிழலில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார்கள்.

பேக்கிங்காரர் அந்தச் சாய்ப்பின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது, எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது. பார்த்தவர் எண்ணவே இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கலா அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு பேக்கிங்காரர் சொன்னது இதுதான். வீட்டைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, உள்ளே காற்று சுலபமாக நுழையாது. சாய்ப்புக்குச் சுவர் இல்லை, அடியில் காற்று புகுந்து முதலில் தூக்குவது அதைத்தான். தனித் தகடாக இருந்தால் அது மட்டும் போகும். ஒரே தகடாக இருப்பதால் போகும்போது வீட்டுக் கூரையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகவே சுவர் ஓரத்தில் குறுக்கே அறுத்து, சாய்ப்பைத் தனியாக்கி, தனிக் காலில் நிறுத்த வேண்டும்.

"இன்னாப்பா சொல்ற? புது பத்ராவ அறுக்கணுமா?" என்றார் மாமியார்.

பேக்கிங்காரர் அன்றைய பேப்பரைக் கிழித்து ஒரு துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அதன் மேற்புறமாக ஊதினார். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் சட்டென்று மேலே எழும்பியது. காற்று மேலே அடித்தாலும் கூரையை அமுக்காது, தூக்கத்தான் செய்யும் என்று விளக்கினார். மாமியார் அசரவில்லை. "நீ ஊதுனா பேப்பர் தூக்கும். என் வூடு பேப்பரா?" என்று கேட்டுவிட்டு, மேலே ஆட்டுக்கல் இருப்பதை நினைவுபடுத்தினார். கல் கூரையைப் பிடிக்காது, கூரை கிளம்பினால் கல் உள்ளே இருப்பவர்கள் தலையில்தான் விழும் என்று பேக்கிங்காரர் சொல்ல, வாய்த்தகராறு முற்றியது. என் கணவர் வழக்கம்போல் பேக்கிங்காரர் பேசும்போது அவர் பக்கமும், அம்மா பேசும்போது அம்மா பக்கமும் தலையாட்டினார். மின்விசிறிகூட அவ்வளவு நியாயமாக இரண்டு பக்கமும் திரும்பாது.

கடைசியில் வீட்டுப் பகுதிக்குப் பட்டை கட்டிக்கொள்ள மட்டும் மாமியார் சம்மதித்தார். அதைப் பேக்கிங்காரர் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார். தகட்டை அறுக்கவும் ஆட்டுக்கல்லை இறக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் காலை எங்கள் முன்சுவரில் கறுப்பாக ஒரு கோப்பை.

மாமியார் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். சுவர்தான் வெளுத்தது, கோப்பை பளிச்சென்று ஆனது. அதன் மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டினார். காற்று வந்து காலண்டரைத் தூக்கும்போதெல்லாம் கோப்பை எட்டிப் பார்த்தது. அந்த வாரம் சந்துக்குப் புதிதான ஒரு லாரி டிரைவர் கதவைத் தட்டி, ரகசியக் குரலில் "கித்னே கா?" என்று விலை கேட்டார். எதற்கு விலை என்று மாமியாருக்குப் புரியவில்லை. டிரைவர் சுவரைக் காட்டினார். ஒற்றைக் காலில் நிற்கும் கோப்பைப் படத்தைப் பார்த்து, உள்ளே சாராயம் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்த மனிதர் துடைப்பத்துக்கும் தனக்கும் நடுவில் லாரியைக் கொண்டுவந்த வேகத்தைப் பற்றிச் சந்துக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அன்றிலிருந்து மாமியார் பேக்கிங்காரரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். மே மாதம், ஒரு ஞாயிறு. எல்லோரையும் சாய்ப்பின் கீழே உட்கார வைத்து ஒரே தகட்டின் பெருமையை ஊருக்கே காட்டிவிடுவது என்பது மாமியாரின் திட்டம். மூன்று நாள் முன்னதாக நான் கடைக்குப் போகும்போது பேக்கிங்காரர் வழியில் நின்றார். முதல் தடவையாக அண்ணாந்து பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அம்மாவுக்கு அந்தத் தகடு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் உன்ட்ட கேக்குறேன். உள்ள இருக்கப் போறது நீ. வேணாம்னா சொல்லு, இனிமே அந்தப் பேச்சே எடுக்கல."

எனக்கு என் மாமியாரை மிகவும் பிடிக்கும். அந்தத் தகட்டைப் பார்த்து அவர் கண்ணில் வருகிற வெளிச்சத்தையும் பிடிக்கும். ஆனால் கலா அக்காவின் புருவத் தழும்பு அந்தச் சமயத்தில்தான் நினைவுக்கு வந்தது. வயிற்றுக்குள் ஒன்று உதைத்தது. சனிக்கிழமை அத்தையை வளையல் வாங்கப் பூனாவின் கேம்ப் கடைவீதிக்கு அழைத்துப் போகிறேன், சாயங்காலம்தான் வருவோம் என்று சொல்லிவிட்டேன். கூட நின்று அறுக்கச் சேகரும் வழக்கம்போல் தலையாட்டினார்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சதி அது. ஏழு மாத வயிற்றோடு நிக்டியில் பஸ் ஏறி, கேம்ப் கடைவீதியில் இறங்கி, வளையல் கடை வளையல் கடையாக ஏறினேன். பச்சை வேண்டாம் என்றேன், சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்றேன், மஞ்சள் என் நிறத்துக்கு எடுக்காது என்றேன். ஒரு கடைக்காரர் உலகத்தில் இருக்கிற நிறம் எல்லாம் முடிந்துவிட்டது என்று இந்தியில் வருத்தத்தோடு சொன்னார். மாமியார் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கால் வலிக்குதா, மோசம்பி ஜூஸ் குடிக்கிறியா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய் முதலில் பார்த்த பச்சையையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்தபோது சாய்ப்பு நின்றிருந்தது. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஆட்டுக்கல் முற்றத்து மூலையில் கீழே இருந்தது. மாமியார் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வாசல்படியில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். படியின் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விரல் அகலத்துக்கு ஒரு வெயில் கோடு விழுந்திருந்தது. அதுவரை அந்த வீட்டில் இல்லாத வெளிச்சம்.

மாமியார் மேலே பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். "என் வூட்ட ரெண்டா அறுத்துட்டியா சேகரு?" என்று மட்டும் கேட்டார். கத்தவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் கூட்டு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வளைகாப்பு என்னவோ ஜோராகத்தான் தொடங்கியது. சேலத்திலிருந்து என் அப்பா அம்மா வந்திருந்தார்கள். சாய்ப்பின் கீழே பாய் விரித்து, நாற்காலி போட்டு, என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். சந்துப் பெண்கள் தமிழும் மராத்தியுமாக முப்பது பேர் இருப்பார்கள். மாமியார் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், மேலே மட்டும் பார்க்கவே இல்லை. கலா அக்காவை அழைத்திருந்தார், பேக்கிங்காரரை அழைக்கவில்லை. அவர் எதிரே வேப்பமரத்தடியில், மரத்தோடு கட்டிய ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்க்க அவருக்கு அன்று கூரைகூடத் தேவைப்படவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் மே மாதத்துப் பிற்பகல்களில் திடீரென்று வரும் காற்றுமழைக்கு இங்கே 'வளீவ்' என்று பெயர். சொல்லிக்கொண்டு வராது. நாலு மணி இருக்கும், புழுக்கம் தாங்கவில்லை. என் இடது கையில் ஏழாவது வளையலோ எட்டாவது வளையலோ ஏறும்போது குன்றுக்குப் பின்னால் வானம் செம்மண் நிறமானது. பேக்கிங்காரர் எழுந்து வந்து, சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த மாமியாரின் முன்னால் நின்றார்.

"அம்மா, திட்டறத அப்புறம் திட்டுங்க. இப்ப எல்லாரையும் உள்ள கூப்புடுங்க."

மாமியார் அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் புழுதி வந்து சந்தனத்தில் விழுந்தது. "சலா, சலா, ஆத் சலா" என்று அவரே எல்லோரையும் மராத்தியில் உள்ளே விரட்டத் தொடங்கினார். முப்பது பெண்கள், ஒரு அண்டா புளிசாதம், ஒரு அண்டா தயிர்சாதம், நான், எல்லாமாக இரண்டு அறைக்குள் அடைந்தோம். பேக்கிங்காரர் காற்று வருகிற பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டார், கதவுக்குக் குறுக்கே கட்டை போட்டார். பிறகு என்ன செய்தார் என்று நான் சொல்லவே வேண்டாம். அறைக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

காற்று வந்தது. சாய்ப்பு முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரில் இறங்கிய பட்டைகள் எல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரு சுருதி பிடித்தன. என் அம்மா கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தார், பயத்தில் பாதியிலிருந்து. மாமியார் என் பின்னால் வந்து உட்கார்ந்து, என் தலைக்கு மேல் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். பலகைக் கூரை மாதிரி. அப்போது வெளியே எதையோ நெடுகக் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் ஒரு பெரிய நிழல் கடந்து போயிற்று. எல்லோரும் மேலே பார்த்தோம். எங்கள் கூரை ஒருமுறை எழும்பப் பார்த்தது, பட்டை விடவில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டது. பிறகு மழை. ஒரு மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அதற்குக் கீழே கலா அக்கா நிதானமாக ஒரு குண்டானை வைத்தார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் வாசலில் சாய்ப்பே இல்லை. பாய், நாற்காலி, தோரணம் எதுவும் இல்லை. சாய்ப்பு எதிரே போய் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அடியில் பேக்கிங்காரரின் ஸ்கூட்டர். கட்டாமல் விட்டிருந்தால் உருண்டாவது தப்பித்திருக்கும் என்று சேகர் சொன்னார். பேக்கிங்காரர் நசுங்கிய ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பட்டை அறுபடல பாத்தியா தம்பி" என்றார், பெருமையாக.

மாமியார் வாசல்படியில் ஏறி நின்று, கையை உயர்த்தி, அறுத்த இடத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. இந்தப் பக்கம் வீடு முழுசாக இருந்தது.

"ஒரே தகடா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

பேக்கிங்காரர் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டிருந்த சாய்ப்பைக் கையால் காட்டினார். மாமியார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வந்து சாப்புடுப்பா" என்றார். அவரை உட்கார வைத்து, தானே புளிசாதம் பரிமாறி, புழுதி விழாத சந்தனமாகப் பார்த்து எடுத்து அவர் கையில் வைத்தார். வளைகாப்பில் சந்தனம் பூசிக்கொண்ட ஒரே ஆண் பேக்கிங்காரர்தான். மாமியார் என் பக்கத்தில் வந்தபோது குரலைத் தாழ்த்தி, "பச்சை வேணாம், செவப்பு வேணாம்னு நீ நாலு கடை ஏறுனப்பவே நெனச்சேன்" என்றார். அப்படியே மிச்ச வளையலையும் என் கையில் போட்டு முடித்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாமியார் பேக்கிங்காரரின் அதிகாரியாகிவிட்டார். வீடு வீடாகப் போய் அண்ணாந்து பார்ப்பதும், கூரை மேல் டயர் வைத்திருப்பவர்களைத் திட்டி இறக்க வைப்பதும், சாய்ப்பைத் தனியாக்கு என்று மேஸ்திரிகளிடம் சண்டை போடுவதும் அவர் வேலையாயிற்று. எங்கள் வாசலுக்குப் புதுச் சாய்ப்பு போட்டபோது, நடுவில் இடைவெளி வேண்டும் என்று தானே நின்று அளந்தார். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், "இது தனி, அது தனி, பாத்தியா, ஜாயின்ட்டே இல்ல" என்று காட்டினார். பேக்கிங்காரருக்கு அவர் கட்டிய வீடுகளின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்கூட்டரை ஆளுக்கொரு பாகமாகத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள்.

என் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாரம் பேக்கிங்காரர் பிரஷ்ஷும் வெள்ளைப் பெயின்ட்டுமாக வந்தார். கட்டி முடித்த வீட்டில் கோப்பைப் படம் இருக்கக்கூடாது, அது அவர் சட்டம். காலண்டரைக் கழற்றியும் விட்டார். மாமியார் குழந்தையோடு வெளியே வந்து அவர் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும்ப்பா. ஒடையற சாமான் இன்னும் உள்ளதான இருக்குது."

இப்போது அந்தச் சாமான் நாலாம் வகுப்பு படிக்கிறது. அதன் பிறகு இரண்டு தடவை வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. இரண்டு தடவையும் அந்தக் கோப்பையை மட்டும் சுற்றி அடிக்கச் சொல்லி பெயின்டர்களிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டோம். பேக்கிங்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் மகள் வீட்டுக்குக் கலா அக்காவோடு போய்விட்டார். மகள் வீடு கான்கிரீட் தளம் போட்டது. போல்ட்டு எண்ண வழியில்லாமல் மனுஷன் தவிக்கிறார் என்று அக்கா சொல்கிறார். சமையல் சிலிண்டரைக் கட்டி வைத்திருக்கிறாராம்.

ஒவ்வொரு மே மாதமும் பூனாவில் முதல் வளீவ் அடித்த செய்தி எப்படியோ அவருக்குப் போய்விடும். சாயங்காலத்துக்குள் போன் வரும். இந்த வருஷமும் வந்தது. "கூரை இருக்கா?" என்றார். இருக்கிறது அண்ணே என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். நீங்கள் எல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் இதுவரை கேட்டதே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அவர் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவர் என்று நானும் சொன்னதில்லை. நேரில் சொன்னால் என்ன செய்வார் என்று தெரியும். கண் கலங்கிவிடும், அதை மறைக்க அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்.